குத்துவதற்கு ஆப் இருக்கிறது, ஓய்வுக்கு எக்ஸெல்தான்

சென்ற ஆண்டு ஏறத்தாழ மூன்று வாரங்கள் நான் மவுஸை இடது கையால் பிடித்து வேலை பார்த்தேன். வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. சட்டை போட, தலை வார, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்க, எல்லாவற்றிற்கும் இடது கைதான். எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பாக்சிங் பயிற்சியில் வந்தது என்றேன். எதிரில் நின்றது யார் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. எதிரில் யாரும் இல்லை. வீட்டு ஹாலில் டிவி முன் நின்றுகொண்டு, ஒரு மொபைல் ஆப் சொன்னபடி காற்றைக் குத்தியதில் வந்த வினை அது.

(இடது கைக்கு மவுஸை மாற்ற வேண்டியவர்களுக்காக: விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் மவுஸ் என்பதில் க்ளிக் செய்திடுங்கள். அங்கே பிரைமரி மவுஸ் பட்டன் என்பதில் ரைட் எனத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், பின்னர் பழகிவிடும்.)

வீட்டில் செய்யும் பாக்சிங் பயிற்சி இன்று முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் சார்ந்த விஷயமாகிவிட்டது. 2006 நவம்பரில் நின்டென்டோ நிறுவனம் வீ கேம் கருவியை அமெரிக்காவில் வெளியிட்டபோது, அதனுடன் சேர்த்துத் தந்த வீ ஸ்போர்ட்ஸ் தொகுப்பில் டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ப் ஆகியவற்றுடன் பாக்சிங்கும் இருந்தது. கைக்கு ஒன்றாகக் கருவியைப் பிடித்துக்கொண்டு, சோபாவிலிருந்து எழுந்து நின்று குத்த வேண்டும். 2016ல் தி த்ரில் ஆப் தி பைட் என்ற விளையாட்டு, தலையில் மாட்டும் வி.ஆர். கருவிக்குள் ஒரு முழு பாக்சிங் மேடையையே கொண்டு வந்தது. 2018 டிசம்பரில் ஸ்விட்ச் கருவிக்கான பிட்னஸ் பாக்சிங் ஜப்பானில் வெளியானது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மொபைல் போனில் ஆப்களுக்கும் யு-ட்யூபில் வீடியோக்களுக்கும் பஞ்சம் இல்லை.

இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி நிறுத்துவதில் இவற்றுக்கு இணை இல்லை. ஜிம்முக்குப் போக வேண்டாம், மாதக் கட்டணம் அதிகம் இல்லை, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இல்லை. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. நாம் செய்தது அனைத்தையும் எண்ணுகின்றன. எத்தனை குத்து, எத்தனை நிமிடம், எத்தனை கலோரி, தொடர்ந்து எத்தனை நாள் என்று வண்ண வண்ணமாகக் காட்டுகின்றன. இன்றைக்குச் செய்ய வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. என்னுடைய கருத்து இதுதான்: வீட்டில் பாக்சிங் பயிற்சி செய்பவர் முதலில் திட்டமிட வேண்டியது ஓய்வு நாட்களை. அதனை ஆப்பிடம் விடக் கூடாது. நாமே ஒரு எக்ஸெல் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்திய ஆப்பில் தினமும் 20 நிமிடப் பயிற்சி. முடித்தால் திரையில் ஒரு தீச்சுடர், அதற்குள் நாட்களின் எண்ணிக்கை. ஒரு நாள் விட்டால் சுடர் அணைந்து, எண்ணிக்கை மீண்டும் 1ல் தொடங்கும். இரவு 8 மணிக்குத் தவறாமல் நினைவூட்டல் வரும். முதல் மூன்று வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. ஆறாவது வாரம் தூக்கம் கெட்டது. காலையில் எழும்போதே சிடுசிடுப்பு. ஆப் காட்டும் மதிப்பெண் குறையத் தொடங்கியது. குறைகிறதே என்று நான் 20 நிமிடத்தை 30 ஆக்கினேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தோள் வலித்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். இப்படிப்பட்ட புத்திசாலித்தனம் எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் செங்கல்பட்டில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு முடிந்து வீடு திரும்ப இரவு பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. பன்னிரண்டு அடித்தால் சுடர் அணைந்துவிடும். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஹாலில் நின்று குத்தத் தொடங்கினேன். "கீழ் வீட்டுக்காரங்க தூங்குற நேரங்க இது" என்றார் மனைவி. நான் கேட்கவில்லை. வார்ம் அப் கிடையாது; வயிறு நிறையச் சாப்பாடு வேறு. மறுநாள் காலை எழுந்தபோது வலது கை மேலே வரவில்லை. சுடர் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

இது புதிய நோயும் அல்ல. 2007ல் புகழ் பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறிய கடிதம் வெளியானது. ஆரோக்கியமான 29 வயது பயிற்சி மருத்துவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வலது தோளில் கடும் வலியுடன் எழுந்தார். அடி எதுவும் படவில்லை. விசாரித்தபோது, புதிதாக வாங்கிய வீ கருவியில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடியது தெரிய வந்தது. தோள்பட்டை எலும்பின் பின்புறம் உள்ள இன்ப்ராஸ்பினேட்டஸ் என்ற தசையின் நாணில் அழற்சி. இதற்கு வேடிக்கையாக வீயைடிஸ் என்றே பெயர் வைத்துவிட்டார் கடிதத்தை எழுதியவர். ஒரு வாரம் வலி மருந்தும், வீயைத் தொடாமல் இருப்பதும்தான் சிகிச்சை. நல்ல வேளையாகக் குணமாகிவிட்டது. அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. உண்மையான ஆட்டத்தில் உடல் வலுவும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஆட்டக்காரரைத் தடுத்து நிறுத்தும். திரை ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை என்கிறது அது.

டென்னிஸுக்குச் சொன்னது பாக்சிங்கிற்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். காரணம் எளிது. தொங்கும் பையைக் குத்தினால் பை உங்கள் முஷ்டியை நிறுத்துகிறது. அதில் மணிக்கட்டுக்கு ஆபத்து உண்டு. அதற்காகத்தான் துணிப் பட்டை சுற்றிக் கையுறை போடுகிறார்கள். காற்றைக் குத்தினால் முஷ்டியை நிறுத்த யாரும் இல்லை. வேகமாகப் போகும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தும் பிரேக் வேலையைத் தோளின் பின்புறத் தசைகள்தாம் செய்ய வேண்டும். மேலே சொன்ன இன்ப்ராஸ்பினேட்டஸ் அவற்றில் ஒன்று. 20 நிமிடத்தில் 600 குத்து என்று ஆப் பெருமையாகக் காட்டினால், 600 முறை பிரேக் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். முழங்கையை முழுதாக நீட்டிக் குத்துபவர்களுக்கு அங்கேயும் அடி விழும். முழு நீளத்திற்குக் கொஞ்சம் முன்பே கையை நிறுத்திப் பழக வேண்டும். கையில் சிறிய டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு குத்தச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. எடை கீழ்நோக்கி இழுக்குமே தவிரக் குத்தும் திசையில் எந்த எதிர்ப்பும் தராது. பிரேக் வேலைதான் கூடும். அந்த வீடியோக்களை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் பகல் முழுவதும் அதே கையால் மவுஸைப் பிடித்து, தோளை முன்னால் குவித்து உட்கார்ந்திருக்கிறோம். மாலையில் ஆப்பைத் திறக்கும்போது அந்தத் தோள் ஏற்கனவே எட்டு மணி நேர டூட்டி பார்த்து முடித்திருக்கிறது. எந்த ஆப்பும் இதனைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக எனக்குத் தெரியவில்லை.

பூட்டும் சாவியும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் பாக்சிங் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு வந்து ஓய்வு பெற்றவர். என் தோளைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். 52 நாள் விடாமல் செய்தேன் அண்ணே என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "எத்தனை நாள் குத்தினீங்கன்னு கரெக்டா சொல்றீங்க தம்பி. எத்தனை நாள் சும்மா இருந்தீங்க?" என்றார். ஒரு நாளும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு, தன் பழைய கோச் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார் என்றார். பையன்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போகக் கூடாது என்பதற்காக, தொங்கும் பைகளையும் கழற்றி அறைக்குள் வைத்துவிடுவாராம்.

என் ஆப்பிற்குப் பூட்டும் கிடையாது, சாவி வைத்திருக்கும் கோச்சும் கிடையாது. இதை யோசித்துக்கொண்டே, கை குணமாகும் நாட்களில் இன்டர்நெட்டில் தேடியபோதுதான் கார்ல் பாஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளரின் கணக்கு கிடைத்தது. 1990களில் தொடங்கி அவர் உருவாக்கிய முறை இது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று உங்களை நீங்களே கேட்டு 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். 0 என்றால் ஓய்வு, 3 மிதம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 இதற்கு மேல் முடியாது. இந்த மதிப்பெண்ணைப் பயிற்சி செய்த நிமிடங்களால் பெருக்குங்கள். 30 நிமிடம், மதிப்பெண் 7 என்றால் அன்றைய சுமை 210. அவ்வளவுதான்.

இதனை எக்ஸெல்லில் அமைப்போம். லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் நிமிடம், மூன்றாவதில் மதிப்பெண். நான்காவதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கும் பார்முலா ஒன்றை அமைத்து, ஏழு நாட்களுக்கும் கீழே இழுத்து விடுங்கள். எட்டாவது நாள் அந்த ஏழு எண்களையும் சம் பங்ஷன் கொண்டு கூட்டினால் வாரச் சுமை கிடைக்கும். இதுவரை எல்லோரும் செய்வதுதான்.

பாஸ்டர் செய்த நல்ல காரியம் அடுத்த கணக்கு. ஏழு நாள் சுமையின் சராசரியை, அதே ஏழு எண்களின் ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுக்கச் சொன்னார். ஆவரேஜ், எஸ்.டி.டி.இ.வி. என்ற இரு பங்ஷன்கள் எக்ஸெல்லில் இருக்கவே இருக்கின்றன. வரும் விடையை அவர் மானோடனி என்று அழைத்தார். ஒரே மாதிரித்தனம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரே அளவு செய்தால் இந்த எண் ஏறும். கடினமான நாளும் ஓய்வு நாளும் மாறி மாறி வந்தால் இறங்கும். இந்த எண்ணை வாரச் சுமையோடு பெருக்கினால் கிடைப்பது ஸ்ட்ரெயின், அதாவது அந்த வாரம் உடல் பட்ட பாடு.

நான் முதலில் என் பழைய வாரம் ஒன்றை நினைவிலிருந்து டைப் செய்தேன். ஏழு நாளும் 20 நிமிடம், மதிப்பெண் 6. ஏழு செல்களிலும் 120. வகுத்துக் காட்டு என்றால், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்தியைத் தந்தது எக்ஸெல். ஏழு எண்களும் ஒன்றாக இருந்தால் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பூஜ்யம், வகுக்க வழியில்லை. 52 நாள் என் தோள் சொல்லிப் பார்த்ததை இந்த சாப்ட்வேர் ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

சரி, ஞாயிறு ஒரு நாள் ஓய்வு என்று வைத்துப் பார்த்தேன். ஆறு நாள் 120, ஒரு நாள் 0. வாரச் சுமை 720. மானோடனி 2.27. ஸ்ட்ரெயின் 1633. அடுத்து அதே 720 சுமையை வேறு மாதிரி பிரித்தேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் 30 நிமிடம், மதிப்பெண் 7, அதாவது நாளுக்கு 210. சனிக்கிழமை 30 நிமிட நடை, மதிப்பெண் 3, அதாவது 90. மற்ற மூன்று நாள் பூஜ்யம். கூட்டினால் அதே 720தான். ஆனால் மானோடனி 0.98க்கு இறங்கியது; ஸ்ட்ரெயின் 704. ஒரே அளவு உழைப்பு, பாதிக்கும் குறைவான பாடு. நீங்களும் டைப் செய்து பாருங்கள்.

பொதுவாக மானோடனி 2ஐத் தாண்டினால் பயிற்சியாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இது விளையாட்டு வீரர்களை வைத்து உருவான கணக்கு என்பதனையும் சொல்லிவிட வேண்டும். 1.9 என்றால் பாதுகாப்பு, 2.1 என்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வீட்டுக்கு இது ஒரு எச்சரிக்கை விளக்கு. ஒரு சிறிய டிப்ஸும் இங்கே உண்டு. சுமையைப் பார்முலா இல்லாமல் நேரடியாக டைப் செய்பவர்கள், ஓய்வு நாளில் செல்லைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காலி செல்லை ஆவரேஜ் பங்ஷன் எண்ணிக்கையிலேயே சேர்க்காது. பூஜ்யம் என்று டைப் செய்தால்தான் ஓய்வு நாள் கணக்கில் வரும்.

மூன்று நாள் போதுமா?

போதும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடக் கடினமான உடற்பயிற்சி வேண்டும். மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் என்றால் 90. கடினமான வகையில் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாளாவது தேவை என்கிறது அதே வழிகாட்டுதல். அதனைத் தனி நாளில் வைக்காமல், குத்தும் நாளிலேயே தண்டால், பஸ்கி என்று பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். தனி நாளில் வைத்தால் ஓய்வு நாள் காணாமல் போய்விடும்.

இப்போது நான் செய்யும் 30 நிமிடம் இப்படி: முதல் 6 நிமிடம் வார்ம் அப். அடுத்து 2 நிமிடம் குத்து, 1 நிமிடம் ஓய்வு என 6 ரவுண்டு. மொத்தம் 18 நிமிடம். கடைசி 6 நிமிடம் மெதுவாக நடந்து, தோளையும் முதுகையும் தளர்த்துவது. உண்மையான போட்டியில் ரவுண்டு 3 நிமிடம் ஆயிற்றே என்று கேட்கலாம். அவர்கள் அதற்கெனவே வாழ்பவர்கள். அவர்களுக்கே ரவுண்டு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1982ல் 14 ரவுண்டு ஆடி வீழ்ந்த தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகு, உலக பாக்சிங் கவுன்சில் தன் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது.

தோள் குணமான பின் ஒரேயடியாக 6 ரவுண்டில் தொடங்கவில்லை. முதல் வாரம் 3, அடுத்து 4, அடுத்து 5. நான்காவது வாரம் வேண்டுமென்றே மீண்டும் 3. பிறகு 5, 6. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்கள் அதைவிட மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று ரவுண்டை ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டுவதும் கிடையாது. தவறியது தவறியதுதான், பூஜ்யம் என்று டைப் செய்துவிட்டு மேலே போகலாம்.

ரவுண்டு மணிக்கு ஆப் தேவையில்லை. பவர்பாயிண்ட் போதும். 12 ஸ்லைடுகள் அமைத்து, ஒன்று விட்டு ஒன்றாகப் பச்சை, சிவப்புப் பின்னணி கொடுங்கள். ட்ரான்சிஷன்ஸ் டேப்பில் ஆப்டர் என்ற கட்டத்தில் பச்சைக்கு 2 நிமிடம், சிவப்புக்கு 1 நிமிடம். அங்கேயே சவுண்ட் என்பதில் சைம் ஒலியைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் மணி அடிக்கும். ஸ்லைடு ஷோ செட் அப் பகுதியில், எஸ்கேப் அழுத்தும் வரை மீண்டும் மீண்டும் ஓடச் செய்யும் லூப் வசதி ஒன்று இருக்கும். அதில் மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். 12வது ஸ்லைடோடு திரை கறுப்பாகிவிட வேண்டும். ரயில்வே அண்ணன் சொன்ன பூட்டு எனக்கு இதுதான்.

ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். கொஞ்சம் உதவும். பாக்சிங்கில் மணிக்கட்டு இடைவிடாமல் ஆடும், முஷ்டி இறுகும். பட்டை சுற்றிக் கையுறை போட்டால் வாட்ச் இடம் நகர்ந்துவிடும். தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பை எண்ணும் சென்சாருக்கு இது வசதியான இடம் அல்ல. மார்பில் கட்டும் பட்டை இதைவிட நம்பகமானது. கலோரி எண்ணை நம்பவே வேண்டாம். 2017ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது; மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பின் மேம்பட்டிருக்கின்றன என்றாலும், நேற்று 310 கலோரி இன்று 290தான் என்று இன்னொரு ரவுண்டு போடுவதற்கு அந்த எண் தகுதியானது அல்ல. ரத்த அழுத்தத்திற்குச் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பே அதிகம் ஏறாது. அவர்களுக்கு வாட்ச் காட்டும் மண்டலங்கள் பொருந்தாது. மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பயிற்சியின்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால், ரவுண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாட்ச் நிறுவனங்களும் மெல்ல மாறி வருகின்றன. ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தது 2015ல். அதன் வளையங்களைத் தினமும் நிரப்பாவிட்டால் தொடர் எண்ணிக்கை அறுந்துவிடும். உடல் நலம் இல்லாத நாளிலும் இதே விதிதான் இருந்தது. அந்த எண்ணிக்கை அறுபடாமல் ஒரு நாளோ ஒரு மாதமோ வளையங்களை நிறுத்தி வைக்கும் வசதி, 2024 செப்டம்பரில் வெளியான வாட்ச் ஓஎஸ் 11ல்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள்! அதே பதிப்பில்தான், பயிற்சி எவ்வளவு கடினம் என்று 1 முதல் 10க்குள் மதிப்பெண் கேட்டுச் சுமையைக் கணக்கிடும் வசதியும் வந்தது. பாஸ்டர் காகிதத்தில் செய்த கணக்கின் உறவுக்காரன்தான் அது. அந்த வாட்சின் விலைக்கு ஒரு கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் என்பதால் நான் எக்ஸெல்லோடு நிற்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. ஊரில் பெரும்பாலானவர்கள் உடற்பயிற்சியே செய்வதில்லை, அதிகமாகச் செய்கிறார்கள் என்று கவலைப்படுவது யாருக்காக என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு அறிவியல் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2013ல் வெளியிட்ட அறிக்கை, சில நாளில் சரியாகும் களைப்பு, பல வாரம் இழுக்கும் களைப்பு, மாதக் கணக்கில் ஆளை முடக்கும் ஓவர் ட்ரெய்னிங் என்று மூன்று படிகளைப் பிரித்துக் காட்டுகிறது. முதல் படி இல்லாமல் முன்னேற்றமே இல்லை. மூன்றாவது படிக்கு வீட்டு ஹாலில் 20 நிமிடம் குத்துபவர் போவது அரிது. நம்முடைய ஆபத்து வேறு வகை. உடல் முழுதும் நொறுங்குவதற்கு முன்பே ஒரு தோளோ முழங்கையோ போய்விடும். அதோடு பயிற்சியையே விட்டுவிடுவோம். பரணில் கிடக்கும் கேம் கருவிகளையும், ஓ.எல்.எக்ஸில் விற்பனைக்கு வரும் கையுறைகளையும் பாருங்கள். வாங்கியவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நான் நம்பவில்லை.

என் எக்ஸெல் தாளில் இப்போது இன்னும் இரண்டு நெட்டு வரிசைகள் இருக்கின்றன. காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் விரல் வைத்து எண்ணிய நாடித் துடிப்பு ஒன்று. தூங்கிய மணி நேரம் இன்னொன்று. நாடி என் வாரச் சராசரியைவிட 6க்கு மேல் ஏறி, தூக்கமும் 6 மணிக்குக் குறைந்தால் அன்று குத்து கிடையாது. தோள் வலித்தால் மற்ற எதையும் பார்ப்பதில்லை, பூஜ்யம்தான். இது என் வீட்டுக் கணக்கு. மருத்துவக் கணக்கு அல்ல. உங்களுக்கான எண்களை நான்கு வாரம் எழுதிப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்ளலாம்.

பழைய ஆப்பை நான் நீக்கவில்லை. குத்தும் முறைகளை அதில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அதைப் பார்த்துத்தான் செய்கிறேன். இரவு 8 மணி நினைவூட்டலை மட்டும் நிறுத்திவிட்டேன். ஆண்ட்ராய்ட் போனில் அந்த அறிவிப்பு வரும்போது அதன் மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அதனை ஆப் செய்திடும் வசதி அங்கேயே கிடைக்கும்.